மாங்காய்க்கு விலை வந்தது, வழி அடைபட்டது: பரதராமி எல்லையில் ஒரு மண்டியின் 2025 பருவம்

பின்னணி

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம்–பரதராமி சாலையை ஒட்டி நடக்கும் ஒரு மாங்காய் மண்டியின் கதை இது. பங்குதாரர்கள் மூன்று பேர்: அண்ணன், தம்பி, அவர்களுடைய தாய்மாமன் மகன். பெயர்களும் ஆலைகளின் பெயர்களும் விடப்பட்டுள்ளன. தொகைகள் ஏறத்தாழ முழு எண்ணாக்கப்பட்டவை.

மண்டி என்று பலகை இருந்தாலும் இவர்களுடைய உண்மையான தொழில் தோப்புக் குத்தகை. தை, மாசியில் பூ பார்த்து, பிஞ்சு பார்த்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி முன்பணம் கொடுப்பார்கள். மருந்தடிப்பும் காவலும் பறிப்பும் குத்தகைக்காரர் பொறுப்பு. காய் வைகாசி கடைசியிலிருந்து ஆடி தொடக்கம் வரை இறங்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பெங்களூரா, அதாவது சித்தூர்ப் பக்கம் தோத்தாபுரி என்பார்களே, அது. சாப்பாட்டுப் பழமாக இதற்குப் பெரிய சந்தை கிடையாது. கூழ் ஆலைதான் இதன் வாடிக்கையாளர். ஆலை வாங்கவில்லை என்றால் ஊறுகாய்க்கும் உப்பு மிளகாய்த் தூள் தூவிய வண்டிக்கடைக்கும் போவது போக மிச்சத்துக்குப் போக்கிடம் இல்லை.

இந்தியாவில் மாங்கூழ்த் தொழில் குவிந்திருக்கும் இடங்களில் சித்தூரும் கிருஷ்ணகிரியும் முக்கியமானவை. பரதராமியிலிருந்து சித்தூர் ஆலைகள் கூப்பிடு தூரம். கிருஷ்ணகிரிக்குப் போக அதைப்போலப் பல மடங்கு தூரம் லாரி ஓட வேண்டும். அதனால் இந்த மண்டியின் காயில் முக்கால் பங்குக்கு மேல் பல வருடங்களாக ஆந்திரப் பக்கமே போனது. எல்லை என்று யாரும் நினைத்ததில்லை. பரதராமிக்காரர்களுக்குச் சித்தூர் மாவட்டத்து யாதமரி, குடிபாலா மண்டலங்களில் நிலம் இருக்கும். சித்தூர் ஆலைகளில் கொள்முதல் பார்ப்பவர்கள் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார்கள்.

2025 பருவத்துக்கு 210 ஏக்கர் குத்தகை எடுத்திருந்தார்கள். ஏக்கருக்கு 30,000 ரூபாய், மொத்தம் 63 லட்சம். அதில் 38 லட்சம் முன்பணமாகப் போய்விட்டது. மிச்சம் 25 லட்சம் காய் இறங்க இறங்கக் கொடுப்பதாகப் பேச்சு. எதிர்பார்த்த விளைச்சல் 900 டன். குத்தகை கிலோவுக்கு 7 ரூபாய், பறிப்பு, ஏற்றுகூலி, லாரி சேர்த்து 2.20. ஆலை வாசலில் 9.20 அடக்கம், 14 ரூபாய்க்கு விற்கும் என்பது கணக்கு. 2024இல் காய்ப்புக் குறைந்து கிலோ 20 ரூபாய்க்கு மேல் விற்றவர்களுக்கு 14 என்பது அடக்கமான எதிர்பார்ப்பாகவே பட்டது.

பருவத்துக்கு முன்பே கண்ணில் பட்டவை

ஏப்ரல் கடைசியில் இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, சித்தூரில் இவர்கள் காய் கொடுக்கும் மூன்று ஆலைகளிலும் முந்தைய ஆண்டின் கூழ் டிரம்கள் வெளியேறாமல் கிடந்தன. விலை ஏறிய ஆண்டில் கை நிறையக் கொடுத்து வாங்கி அரைத்த சரக்கு அது. அசெப்டிக் (கிருமி புகாத) பையில் அடைத்த கூழ் 18 மாதம் வரை தாங்கும். சரக்கு கெடாது, ஆனால் அதில் முடங்கிய பணம் புதுக் காய் வாங்க வராது. இரண்டாவது, எல்லாத் தோப்பிலும் காய்ப்பு மிக நன்றாக இருந்தது.

தேக்கமும் அமோக விளைச்சலும் சேர்ந்தால் விலை சரியும், இது மண்டிக்காரர்களுக்குத் தெரியாததில்லை. பங்குதாரர்கள் 10 ரூபாய் வரை இறங்கும் என்று கணித்திருந்தார்கள். இந்தச் சரிவுக்கு அரசியல் என்ன பதில் சொல்லும் என்பதை மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை. ஆந்திர முதல்வரின் குப்பம் தொகுதி இருப்பதே சித்தூர் மாவட்டத்தில். எதிர்க்கட்சிக்கும் அது கைவிட முடியாத மண். அங்கே மாங்காய் 4 ரூபாய்க்கு விற்றால் எந்த அரசும் வாய்மூடி இருக்க முடியாது.

பதில் ஜூன் மாதத் தொடக்கத்தில் வந்தது. ஆலைகள் கிலோவுக்குக் குறைந்தது 8 ரூபாய் கொடுக்க வேண்டும், அரசு 4 ரூபாய் மானியம் விவசாயியின் கணக்கில் போடும், ஆக 12 ரூபாய்.

மண்டியில் இதை நல்ல சேதியாகவே எடுத்துக்கொண்டார்கள். “மானியம் நமக்கு வரலன்னாலும் 8 ரூபா நிச்சயம் மச்சான்” என்பது தம்பியின் கணக்கு. இந்த நிகழ்வில் மற்றவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பக்கத்து மாவட்டத்தில் 4, 5 ரூபாய்க்குக் கிடைக்கும் அதே காய்க்குச் சித்தூரில் 12 ரூபாய் என்றால், தமிழ்நாட்டுக் காயும் கர்நாடகத்துக் காயும் ஒரு வாரத்தில் சித்தூர் ஆலை வாசலை நிரப்பிவிடும். மானியம் எல்லைக்கு வெளியே கசியும், உள்ளூர் விவசாயிக்கு ஆலையில் இடம் கிடைக்காது. அதனால் அப்படி ஒரு விலையை அறிவித்த அரசுக்கு எல்லையை அடைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. விலை அறிவிப்பில் தடை எழுதப்படவில்லை, ஆனால் தடை அதற்குள்ளேயே இருந்தது. அந்த இடைவெளியில், வண்டி போய்க்கொண்டிருந்தபோதே, காயை வேறு பக்கம் திருப்பியிருக்கலாம்.

ஜூன் 7

பிற மாநிலத் தோத்தாபுரி சித்தூர் மாவட்டத்துக்குள் வரக் கூடாது என்று 2025 ஜூன் 7 அன்று மாவட்ட ஆட்சியர் உத்தரவிட்டார். தமிழ்நாடு, கர்நாடக எல்லைகளில் வருவாய், காவல், வனம், வேளாண் விற்பனைத் துறை ஆட்கள் சேர்ந்து நின்றார்கள். கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். கோலார் மாவட்டத்து ஸ்ரீனிவாசபுரத்திலும் இதே காய், இதே அடைப்பு.

அதுவரை இந்த மண்டி சித்தூர்ப் பக்கம் 110 டன் அனுப்பியிருந்தது, கிலோ 7 ரூபாய்க்கு. உத்தரவு நடைமுறைக்கு வந்த சமயம் மூன்று லாரி, 31 டன், வழியில் இருந்தது. புதுப் பழம், காய்களுக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் இ-வே பில் என்னும் சரக்கு வழிச்சீட்டு தேவையில்லை. எனவே காய் எந்த ஊர்த் தோப்புடையது என்று காட்டும் தாள் எதுவும் லாரியில் இருக்காது. சோதனைச்சாவடியில் கேட்டது ஆந்திர நிலத்தின் பட்டாதார் பாஸ்புக், அதாவது நில உரிமைப் புத்தகம். அது இல்லாத லாரி திரும்ப வேண்டியதாயிற்று.

ஒரு லாரியை உடனே கிருஷ்ணகிரிக்குத் திருப்பினார்கள். “ராத்திரிக்குள்ள தளர்த்திடுவாங்க, நில்லுங்க” என்று ஆலை ஏஜென்ட் ஒருவர் சொன்னதை நம்பி மற்ற இரண்டும் சாலையோரத்தில் நின்றன. பெங்களூரா கூடையில் வராது, லாரியில் குவியலாகக் கொட்டித்தான் வரும், ஐந்தடி உயரம். ஓடும் லாரியில் காற்றுப் படும். நிற்கும் லாரியில் அடிக்குவியல் சூடேறும், காம்பிலிருந்து வடிந்த பால் தோலைச் சுடும், மேல் எடையில் அடிக்காய் நசுங்கும். இரண்டாம் நாள் கிருஷ்ணகிரி ஆலையில் தார்ப்பாயைப் பிரித்தபோது அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கறுத்து நீர் விட்டிருந்தது. மூன்று லாரிக்கும் சேர்த்து 31 டன்னில் 22 டன்னுக்குத்தான் பணம் வந்தது, கிலோ 4.50.

முன்னால் இருந்த வழிகள், எடுத்த முடிவுகள்

மரத்தில் இன்னும் 760 டன் காய் இருந்தது. மூவரும் கணக்குநோட்டுடன் உட்கார்ந்து ஒவ்வொரு வழியாகப் பார்த்தார்கள்.

*வழக்கு.* வேலூரில் ஒரு வழக்கறிஞரைக் கேட்டார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 301ஆவது பிரிவு நாடு முழுக்க வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது. 304(ஆ) பிரிவின்படி மாநிலம் கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அது சட்டமன்றச் சட்டமாக இருக்க வேண்டும், மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் முன் அனுமதி வேண்டும். மாவட்ட உத்தரவு அந்த வகையில் சேராது என்று வாதாட இடம் உண்டு. ஆனாலும் வழக்குப் போடவில்லை. பருவம் முடிய ஐந்து வாரமே மிச்சம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: நீதிமன்றம் லாரியை உள்ளே விடச் சொன்னாலும் ஆலையை வாங்கச் சொல்ல முடியாது. மின்சாரம், மாசுக் கட்டுப்பாடு, தொழில் மானியம் என்று எல்லாவற்றுக்கும் மாவட்ட நிர்வாகத்தை நம்பியிருக்கும் ஆலை, அந்த நிர்வாகம் வேண்டாம் என்ற காயைத் தொடாது. கொள்முதல் மேலாளர் தொலைபேசியில் இதை நேராகவே சொன்னார்: “அண்ணே, உங்க காய் எங்களுக்கு வேணும். ஆனா என் கேட்டுக்குள்ள அது வந்தா நான் பதில் சொல்லணும்.”

*பாஸ்புக் வழி.* குத்தகை கொடுத்தவர்களில் ஒருவருக்கு யாதமரியில் 6 ஏக்கர் மாந்தோப்பு. “மாமா, என் பாஸ்புக்ல இன்னும் பத்து டன் ஏத்தலாம், உங்க காயை என் பேர்ல விடுங்க” என்றார். இன்னொரு பக்கம், கிராமத்துச் சாலை வழியாக இரவில் கொண்டுபோய்ச் சேர்க்கக் கிலோவுக்கு 1.50 கேட்டு ஒரு புரோக்கர் வந்தார். இரண்டையும் மறுத்தார்கள். பாஸ்புக்கில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவுக்கும் 4 ரூபாய் அரசுப் பணம் போகிறது. ஆந்திராவில் எந்த நிலத்தில் என்ன பயிர் என்பது இ-கிராப் பதிவில் இருக்கிறது. 6 ஏக்கர் தருவதைவிட அதிகக் காய் ஆலைச் சீட்டில் ஏறினால் அது எல்லை தாண்டிய குற்றமாக மட்டும் நிற்காது, அரசை ஏமாற்றிய வழக்காகும். மாட்டிக்கொள்வது நிலத்துக்காரர், கைவிட்டுப் போவது ஆலையில் இவர்களுடைய பெயர். கிலோவுக்கு 2 ரூபாய் லாபத்துக்கு அது பெறாது. அந்த வாரம் வேறு சிலர் இரவு வழியில் ஓட்டினார்கள். அவர்களுக்கு நன்றாகவே ஓடியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

*மறியல்.* தமிழ்நாட்டுப் பக்கமும் அரசியல் சும்மா இருக்கவில்லை. கிருஷ்ணகிரியில் எதிர்க்கட்சி ஆர்ப்பாட்டம் நடத்தியது, சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் உதவி கேட்டு முதல்வர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். “ஆந்திர லாரியை இந்தப் பக்கம் விடாதே” என்று எல்லையில் மறியல் செய்யச் சிலர் ஆள் சேர்த்தார்கள். இவர்கள் சங்கத்தோடு சேர்ந்து ஆட்சியரிடம் மனுக் கொடுத்தார்கள், மறியலுக்குப் போகவில்லை. ஓட்டும் லாரியில் பாதி ஆந்திரப் பதிவு. ஏற்றுக்கூலி ஆட்கள் பலர் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருபவர்கள். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு விவகாரத்தில் குமுளி வழி அடைபட்டபோது கம்பத்தில் நஷ்டப்பட்டதும் இரண்டு பக்கமும் கால் வைத்துப் பிழைத்தவர்கள்தான்.

*கிருஷ்ணகிரி.* அங்கே விவசாயிகள், ஆலையினர், அதிகாரிகள் சேர்ந்து முத்தரப்புக் கூட்டத்தில் விலை பேசுவது வழக்கம், ஆனால் அந்த விலைக்கு ஆலையைக் கட்டிப்போடும் சக்தி கிடையாது. வரிசையில் லாரி இரண்டு மூன்று நாள் நின்றது. ஒரு நாள் நிறுத்தக் கூலி 2,000 ரூபாய்க்கு மேல், அதோடு எடைக் குறைவு. 260 டன் அனுப்பினார்கள், 240 டன்னுக்குப் பணம் வந்தது.

*கறிக்காய்ச் சந்தை.* பெரிய, கறை படாத காயைப் பொறுக்கிக் கோயம்பேட்டுக்கும் ஊறுகாய்க்காரர்களுக்கும் அனுப்பினார்கள். 60 டன், கிலோ 6.50. அதற்கு மேல் அனுப்பினால் அங்கும் விலை உடைந்துவிடும்.

இன்னும் 440 டன் மிச்சம் நின்றது.

கூலிக்கு அரைத்தது

காயை விற்க முடியாவிட்டால் கூழாக்கி வைப்போம் என்பது தாய்மாமன் மகனின் யோசனை. தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஒரு சிறு ஆலை, தன் கொள்முதலுக்குப் பணமில்லாமல் பாதி நேரம் சும்மா இருந்தது. கழுவி, தோலும் கொட்டையும் நீக்கி, கிருமி நீக்கி, 215 கிலோ பையில் நிரப்பி, பையும் டிரம்மும் சேர்த்துக் கூழ் கிலோவுக்கு 17 ரூபாய் கூலி பேசினார்கள். இரண்டு கிலோ காய்க்கு ஒரு கிலோ கூழ். குத்தகைப் பணம் ஏற்கெனவே போனது போனதுதான். இனிமேல் செலவாவதை மட்டும் பார்த்தால், காய்க்கு 4.40, அரைக்க 17, ஆகக் கிலோ கூழுக்கு 21.40. சந்தை 30க்கு விழுந்தாலும் கை நட்டம் இல்லை. கூழ் காத்திருக்கும், காய் காத்திருக்காது.

300 டன் அரைக்க 25.5 லட்சம் வேண்டும். நகைக்கடனாக 12 லட்சம் திரட்டிக் கொடுத்தார்கள். மிச்சத்துக்கு டிரம்களே ஈடு: ஆலைக் கிடங்கில் இருக்கும், விற்கிற டிரம்முக்கு உரிய கூலியைக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். இதை முத்திரைத்தாளில், டிரம் வரிசை எண்களோடு எழுதிக்கொண்டார்கள். எண் எழுதியது முக்கியம். ஆலைக்குக் கடன் கொடுத்த வங்கி நாளை கிடங்கைப் பூட்டினால், எந்த டிரம் யாருடையது என்று சொல்ல அது ஒன்றுதான் சாட்சி.

நடைமுறையில் இடித்தது இயந்திரம் அல்ல, பழுக்க வைக்கும் இடம். ஆலை மணிக்கு 2 டன், ஒரு நாளைக்கு 30 டன் தின்னும். பெங்களூரா ஜூன் சூட்டில் பழுக்க 5, 6 நாள் ஆகும். எனவே எந்த நேரமும் 180 டன் காய் பழுத்துக்கொண்டிருக்க வேண்டும். 20 கிலோ கிரேட் என்றால் 9,000 கிரேட். இவர்களிடம் இருந்தது 2,500. மூடிக் கிடந்த ஒரு அரிசி ஆலைக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, வைக்கோல் பரப்பி, இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் காயை அடுக்கினார்கள். மூன்றாவது அடுக்கு வைத்த மூலையில் நடுக்காய் வெந்து போனது. கார்பைடு கல் போட்டால் இரண்டு நாளில் நிறம் வரும் என்று சொன்னவர்கள் உண்டு. அது தடை செய்யப்பட்டது என்பது ஒருபுறம், தோல் மஞ்சளாகி உள்ளே புளித்த பச்சையாக இருக்கும் பழத்தில் பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, ஏறாது என்பது மறுபுறம். கூழ் வாங்குபவர் தோலைப் பார்ப்பதில்லை.

பிரிக்ஸில்தான் முதல் அடி விழுந்தது. தோத்தாபுரிக் கூழுக்குச் சந்தை கேட்பது குறைந்தது 14. முதல் இரண்டு நாள் கூழ் 12.5இல் நின்றது. பதற்றத்தில் முற்றாத காயையும் சேர்த்துப் பறித்ததன் விளைவு. அந்தக் கூழைத் தனி எண் போட்டு ஒதுக்கிவிட்டுப் பறிப்பை நிறுத்தினார்கள். முற்றிய காய் வாளித் தண்ணீரில் மூழ்கும், முற்றாதது மிதக்கும். தோப்புக்கு ஒரு வாளி வைத்து, மரத்துக்கு நாலு காய் போட்டுப் பார்த்த பிறகே ஆள் ஏற்றினார்கள். ஒரு வாரம் தள்ளிப் பறித்ததில் 14.5 வந்தது. இன்னும் தள்ளினால் இன்னும் ஏறும், ஆனால் மழை விழுந்துவிட்டால் பழ ஈ குத்திவிடும்.

ஏறத்தாழ 700 டிரம் நிரம்பியது. பத்து நாள் வைத்துப் பார்த்ததில் 11 டிரம் பை உப்பியது. எல்லாமே ஒரே இரவின் டிரம்கள், அன்று நிரப்பும் தலையில் நீராவி அழுத்தம் இறங்கியிருந்தது. அந்த 11க்கும் கூலி கிடையாது என்று ஆலை ஒப்புக்கொண்டது, பழத்தின் விலையைத் தர மறுத்தது. ஒப்பந்தத்தில் அது எழுதப்படவில்லை.

மிச்சம் 140 டன் மரத்திலேயே விடப்பட்டது. ஜூலையில் கிருஷ்ணகிரி விலை 3 ரூபாய்க்கு வந்தபோது பறிப்பும் லாரியும் நிறுத்தக் கூலியும் அதைத் தின்றுவிட்டன. தோப்புக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. அழுகும் காய் அடுத்த ஆண்டுக்கு ஈயை வளர்க்கும் என்று அவர்கள் சொன்னது சரிதான்.

குத்தகைப் பாக்கி

இந்த விவகாரத்தில் வெளியே தெரியாத முடிச்சு இது. ஆந்திராவின் 4 ரூபாய் பாஸ்புக் வைத்திருப்பவருக்குப் போனது. கர்நாடகத்துக்கு மத்திய அரசு 2.5 லட்சம் டன் வரை விலை வித்தியாச ஈடு ஒப்புக்கொண்டதும் விவசாயியின் பெயருக்குத்தான். நட்டத்தை முழுதாகச் சுமந்த குத்தகைக்காரர் எந்தத் திட்டத்தின் கண்ணிலும் படுவதில்லை. மேடையில் அவர் இடைத்தரகர், அவருக்காகக் குரல் கொடுத்தால் ஓட்டு வராது. தோப்புக்காரரோ பூவிலேயே பாதிக்கு மேல் பணம் வாங்கிவிட்டவர்.

25 லட்சம் பாக்கி இருந்தது. முழுதாகக் கொடுத்தால் மண்டி மூடும். கொடுக்காவிட்டால் அடுத்த ஆண்டு தோப்பு கிடைக்காது. பங்குதாரர்கள் எடைச்சீட்டு, ஆலைச்சீட்டு, அரைப்புக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். பாக்கியில் பாதி ஆவணிக்குள், மீதியைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். சீட்டைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். ஒரு மூதாட்டி மட்டும், “போன வருஷம் இருபதுக்கு வித்தீங்களே, அப்ப எனக்கு ஏத்திக் குடுத்தீங்களா?” என்று கேட்டார். கேள்விக்குப் பதில் இல்லாததால் அவருக்கு முழுதாகக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்த்துப் போனது 12.5 லட்சத்தை ஒட்டி நின்றது.

பிறகு நடந்தவை

ஜூலை 9 அன்று ஆந்திர முன்னாள் முதல்வர், ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் தலைவர் ஜெகன்மோகன் சித்தூர் மாவட்டத்துப் பங்காருபாளையம் சந்தைக்கு வந்தார், சாலையில் மாங்காய் கொட்டிக் கிடந்த படங்கள் எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தன. 8 ரூபாய் தங்கள் கைக்கு வரவில்லை என்று சித்தூர் விவசாயிகளே புகார் சொன்னார்கள். எல்லையை அடைத்தும் உள்ளே இருந்த காயே ஆலைகளுக்கு அதிகம். பழைய சரக்கு விற்காத ஆலையிடம் விலை கொடு என்று உத்தரவிட்டால், அது கொள்முதலைக் குறைக்கும் அல்லது பணத்தைத் தள்ளிப்போடும். இந்த மண்டி முன்பு அனுப்பிய 110 டன்னுக்கான பணமும் நவம்பரில்தான், மூன்று தவணையாக, வந்து முடிந்தது.

கூழ் விற்பனை மெதுவாகவே நகர்ந்தது. பழக்கூழ் பானங்களுக்கான ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகும் என்று தெரிந்ததும், அது நடைமுறைக்கு வந்த செப்டம்பர் 22 வரை வாங்குபவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். சாதாரண நுகர்வோருக்கு இனிப்பான வரிக் குறைப்பு, சரக்கு வைத்திருப்பவருக்கு மூன்று வார வட்டி. அதன்பின் சிறு பான நிறுவனங்களும் ஒரு ஏற்றுமதியாளரும் எடுத்தார்கள். 12.5 பிரிக்ஸ் டிரம்கள் மலிவாகப் போனது உட்பட, சராசரி கிலோ 40 ரூபாய். வரவு 59 லட்சம்.

பருவத்தின் கணக்கு, லட்சத்தில்: குத்தகை 50.5, பறிப்பும் லாரியும் 16.7, அரைப்பு (உப்பிய 11 டிரம் கழித்து) 25.1, வட்டியும் வாடகையும் 3. வரவு, காய் விற்றதில் 23.4, கூழில் 59. நட்டம் 13 லட்சம். அரைக்காமல் அந்த 300 டன்னையும் 4 ரூபாய்க்குத் தள்ளியிருந்தால், அதற்கும் ஆள் கிடைத்திருந்தால், நட்டம் 32 லட்சத்தை நெருங்கியிருக்கும்.

அடுத்த பருவத்துக்கு மாற்றியவை

குத்தகை முறை முதலில் மாறியது. ஏக்கருக்கு முழுத்தொகை பேசுவதை விட்டு, 12,000 ரூபாய் நிலைத்தொகை, அதற்கு மேல் ஆலைச்சீட்டு விலையில் பங்கு என்று எழுதுகிறார்கள். விலை ஏறினால் தோப்புக்காரருக்கும் ஏறும். மூதாட்டியின் கேள்விக்குக் கிடைத்த தாமதமான பதில் என்றும் இதைச் சொல்லலாம். அரசு நிவாரணம் எது வந்தாலும் அது யார் கணக்கில் விழுந்தாலும் சரிபாதி என்று ஒரு வரியும் உண்டு. அதை அமலாக்க முடியுமா என்பது சந்தேகம்தான், எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆந்திரப் பக்கம் அனுப்புவது மொத்தக் காயில் 40 சதவீதத்துக்கு மேல் போகாது. தூரம் அதிகமானாலும் கிருஷ்ணகிரியில் இரண்டு ஆலைகளுக்கு நல்ல ஆண்டிலும் காய் கொடுப்பது என்று முடிவு. கெட்ட ஆண்டில் வரிசையில் முன்னால் நிற்பது நல்ல ஆண்டில் வந்தவர்தான். அரைப்புக்கு மே மாதமே 200 டன் நேரம் பதிவு, 4,000 கிரேட் கூடுதலாக வாடகைக்கு, பை உப்பினால் பழத்தின் விலைக்கும் ஆலை பொறுப்பு.

அறிவிப்புகளைப் பார்க்கும் முறையும் மாறியிருக்கிறது. பக்கத்து மாநிலத்தில் மாங்காய்க்கு ஆதரவு விலை என்று செய்தி வந்தால் அன்றே மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறார்கள்: அந்த விலைக்கும் இங்குள்ள விலைக்கும் வித்தியாசம் 2 ரூபாய்க்கு மேலா, பணம் அரசு தருகிறதா ஆலையா, பெறுபவரை எந்தத் தாளை வைத்து அடையாளம் காண்பார்கள். முதல் கேள்விக்கு ஆம் என்றால் அன்று இரவிலிருந்து எல்லைப் பக்கம் லோடு கிடையாது, வழியில் இருப்பதும் திரும்பும்.

யாதமரியில் நிலம் உள்ளவரின் 6 ஏக்கரையும் இந்த முறை தனிக் குத்தகையாக, அவர் பாஸ்புக்கில், அவர் தோப்புக் காய் மட்டும் என்று எடுத்திருக்கிறார்கள். அந்தக் காய் சித்தூருக்குள்ளேயே பறிபட்டு அங்கேயே ஆலைக்குப் போகும். அதற்கென்று எடைச்சீட்டுப் புத்தகமும் தனி.